வானூர்தி மாற்றம்

வானூர்தி மாற்றம் என்பது, பயணியருக்கு அறிவித்த வானூர்திக்குப் பதிலாக வேறொன்றைப் புறப்பாட்டுக்குச் சற்று முன்னர் பயன்படுத்துவதாகும். தொழில்நுட்பக் கோளாறு, முந்தைய பறப்பின் தாமதம் ஆகியன இதன் முதன்மைக் காரணங்கள். பயணச்சீட்டு குறிப்பிட்ட வானூர்திக்கு உறுதியளிப்பதில்லை. இருக்கை அமைப்பு வேறுபடின், பயணி தெரிவுசெய்த இருக்கையையோ உயர்வகுப்பையோ இழக்க நேரிடலாம்.

இந்தியாவில் இழப்பீடு

குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் இரு நிலைகளுக்கு இழப்பீடு வழங்குகின்றன.

* கீழ்வகுப்புக்கு மாற்றல் (2023 பெப்ரவரி 15 முதல்): உள்நாட்டுப் பயணத்தில், வரி உட்படப் பயணச்சீட்டு விலையின் 75% திருப்பித் தரப்படும். பன்னாட்டுப் பயணத்தில் 1,500 கி.மீ. வரை 30%, 3,500 கி.மீ. வரை 50%, அதற்கு மேல் 75%.
* இடமறுப்பு (2016 திருத்தம்): இடம் போதாவிடின், தாமாக விலகுவோரை முதலில் கேட்க வேண்டும். விருப்பமின்றி விடப்பட்டவருக்கு மாற்றுப் பறப்பு ஒரு மணி நேரத்தைக் கடந்து 24 மணி நேரத்துக்குள் எனின் 10,000 ரூபாய் வரையும், அதற்கும் பிந்தினால் 20,000 ரூபாய் வரையும் இழப்பீடு உண்டு.

சேலம் வானூர்தி நிலையம்

ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலைப்பகுதிக்கு அண்மையிலுள்ள இந்நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமானது. 2018 இல் தொடங்கிய சென்னைச் சேவையும், 2023 அக்டோபரில் தொடங்கிய சேவைகளும் ஏடிஆர் 72 வகை வானூர்திகளைக் கொண்டு நடத்தப்பட்டன. இவற்றில் ஒரே வகுப்பு உள்ளதால் உயர்வகுப்பு இழப்பு எழுவதில்லை. எனினும், ஒன்று பழுதுற்றால் அதே அளவினதே மாற்றாக வர வேண்டும். கிடைக்காவிடில் தாமதமோ இரத்தோ நேரும். சென்னையில் இணைப்புப் பறப்பைத் தவறவிட்டவருக்கு மாற்றிடம் தரும் பொறுப்பு, இரு பயணங்களும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால் மட்டுமே பொதுவாக நிறுவனத்தைச் சாரும்.