தீக்கல் பிறவாத கரை

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பிடி மணலை அள்ளினால், அதிற் பெரும்பங்கு சிலிக்கா என்னும் பொருளாகவே இருக்கும். சக்கிமுக்கிக்கல் என வழங்கும் தீக்கல்லும் அதே பொருளால் ஆயதுதான். ஆயினும் அக்கரையின் பாறைகளில் தீக்கல் விளைவதில்லை.

தீக்கல் கடலின் பிள்ளை. நீரிற் கரைந்துள்ள சிலிக்காவை எடுத்து ஓடு அமைத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் பல உள. கடற்பஞ்சுகளும் அதனாலேயே தம் உடலுக்கு முட்கள் அமைக்கின்றன. இவை இறந்து கடலடிச் சேற்றிற் புதைந்தபின், அச்சிலிக்கா மெல்லக் கரைந்து, படிவுகளிடையே மீண்டும் கட்டியாய் இறுகுகின்றது. ஐரோப்பாவின் வெண்சுண்ணப் பாறைகளில் விளையும் கரிய கட்டி பிளின்ட். ஏனைய சுண்ணாம்புக் கற்களிலும் ஆழ்கடற் படிவுகளிலும் விளைவது செர்ட். மட்டக்களப்பின் அடித்தளமோ, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறை. அதிற் படிகக்கல் நிறைய உண்டு.

பொறி கல்லிலிருந்து பறக்கின்றது என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. கல்லின் கூரிய விளிம்பு எஃகிலிருந்து நுண்துகள்களைச் சீவி எறிகின்றது. அத்துகள்களே காற்றில் எரிந்து பொறியாகின்றன. 1795ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற ஆங்கிலப் படையின் துப்பாக்கிகளும் தீக்கல்லை நம்பியவையே.

கற்கால மனிதனுக்கு வேண்டியது பொறியன்று, விளிம்பு. தீக்கல் கண்ணாடி போலச் சிப்பி வளைவாய் உடைந்து, கத்தியொத்த விளிம்பு தரும். இலங்கையின் தென்கரையில் பூந்தலப் பகுதியிற் கிடைத்த மிகப் பழைய கருவிகளில் செர்ட்டும் சிறுபங்கு உண்டு. அது வாய்க்காத இடங்களில் அவன் படிகக்கல்லைக் கையாண்டான். படிகக்கல் முரடு, நினைத்தபடி உடையாது. அதனை வசப்படுத்திய கைத்திறன் வியப்புக்குரியது. 1907இல் போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் இருவர், பட்டிப்பளை ஆறு இறங்கிவரும் நில்கலைப் பகுதியிற் குகையொன்றை அகழ்ந்து, பெரும்பாலும் படிகக்கல்லாலான கருவிகளைக் கண்டெடுத்தனர். களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையின் சிறு படிகக் கருவிகள் ஏறத்தாழ 45,000 ஆண்டுப் பழைமையுடையன என்பது 2019இல் வெளியான ஆய்வின் முடிபு.

இவ்வளவு பழைய சான்று, பார்வைக்குத் தெருவிற் பரப்பும் சரளைக்கல் போலவே இருக்கும். மண்வெட்டியும் இயந்திரமும் வேறுபாடு அறியா. கல்லைப் பொறுக்கி வீட்டிற்குக் கொண்டுவருவதும் நன்றன்று. எந்த மண்ணடுக்கிற் கிடந்தது என்பது மறைந்தால் அதன் காலமும் மறைந்துபோம். ஒரு விளிம்பில் மட்டும், ஒரே அளவாய், வரிசையாய்ச் சிறு சிம்புகள் பெயர்க்கப்பட்ட படிகத் துண்டைக் கண்டால், அதனைக் கிடந்தபடியே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவிக்க வேண்டும். தானே உடைந்த கல்லில் அவ்வரிசை காண்பது அரிது.