ஜன்னல் வழியே கடல்

புனேயின் விமான் நகருக்கு மேலே தாழப் பறக்கும் பயணிகள் விமானத்தின் ஜன்னலும், பழைய பாய்மரப் படகின் கேபின் ஜன்னலும் ஒரே சரக்கு: அக்ரிலிக். வெயிலில் கிடந்து இரண்டிலும் நுண்ணிய விரிசல் விழும். விமானத்தில் அதைத் தேடிப் பார்த்து மாற்றுகிறார்கள். படகிலோ, பெரும்பாலும் ஒழுகிய பிறகுதான் விழிப்பு.

மாற்றும்போதும் அவசரம். வளைந்த சுவரில் தட்டையான பலகையை வைத்துத் திருகால் இறுக்கி வளைத்தால், துளையோரத்தில் மறுபடி விரிசல். அச்சின் மேல் சூடாக்கி வளைப்பதே சரி. வெயிலில் அக்ரிலிக், ஃபைபர் கிளாஸைவிட அதிகம் விரியும். ஆகவே துளை திருகைவிடச் சற்றுப் பெரிதாகவும், அடைக்கும் பசை ரப்பர் போல நெகிழ்வாகவும் இருக்க வேண்டும்.

1985-87ல் இந்திய ராணுவப் பொறியாளர்கள் உலகைச் சுற்றிய த்ருஷ்ணா வெறும் 37 அடிப் படகு. அத்தனை சிறிய படகில், புயலில் ஒரு ஜன்னல் உடைந்தால் அடுத்த அலை கேபினுக்குள்தான்.