திருட்டைக் காட்டிக் கொடுத்த போட்டோ!
படத்தைச் சுருக்கலாம்; மூலப் படத்தை அழிக்கக்கூடாது

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலில் ஒரு நடராஜர் சிலை இருந்தது. சோழர் காலத்து வெண்கலச் சிலை. அதைத் திருடர்கள் கொண்டுபோய் விட்டார்கள். சிலை கடல் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. கான்பெரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடம், 2008-ம் ஆண்டில் அதை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது.

"இது எங்கள் ஊர்ச் சிலை" என்று சொன்னால் போதுமா? சாட்சி வேண்டுமே!

சாட்சி புதுச்சேரியில் இருந்தது. சிலை கோவிலில் இருந்தபோது எடுத்த போட்டோதான் அது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றாக இருந்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

லட்சம் படங்கள்

அந்தப் போட்டோவைக் காத்து வைத்திருந்தது, புதுச்சேரி செயிண்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம். இது 1955-ல் தொடங்கப்பட்டது. இதன் ஆட்கள் கோவில் கோவிலாகப் போய்ச் சிலைகளையும் கோபுரங்களையும் படம் பிடித்தார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

இத்தகைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு கேள்வி வருகிறது. படம் பெரிதாக இருக்கவேண்டுமா, சிறிதாக இருக்கவேண்டுமா?

இரண்டும் வேண்டும்!

புள்ளிக் கணக்கு

கம்ப்யூட்டர் படம் என்பது புள்ளிக் கோலம் போன்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். அந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்சல்.

ஒரு படத்தில் குறுக்கே 6000 புள்ளி, நெடுக்கே 4000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள்! இதை இணையப் பக்கத்தில் அப்படியே போட்டால், பார்ப்பவரின் செல்போனில் படம் மெதுவாகத்தான் வரும். டேட்டாவும் வீணாகும்.

அதையே 1200-க்கு 800 என்று சுருக்கினால் 9 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள்தான். 25-ல் ஒரு பங்கு! செல்போனில் பார்க்க அது போதும். படமும் சட்டென்று வந்துவிடும்.

ஆனால் எறிந்த புள்ளி திரும்பி வராது. சுருக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கினால் மங்கலாகத்தான் தெரியும். சிலையில் உள்ள சின்ன வடுவும் கீறலும் போனால் போனதுதான். அந்த வடுதானே அடையாளம்!

எப்படிச் சுருக்குவது?

முதலில் மூலப் படத்துக்கு ஒரு நகல் எடுங்கள். நகலை மட்டும் சுருக்குங்கள். அகலத்தைக் குறைக்கும்போது உயரமும் அதே விகிதத்தில் குறையவேண்டும். இல்லாவிட்டால் குண்டான ஆள் ஒல்லியாகத் தெரிவார்! பிறகு நகலை வேறு பெயரில் சேமியுங்கள். போட்டோவுக்கு ஜேபெக் முறை ஏற்றது.

வீட்டுப் படங்களுக்கும் இதுதான் விதி. வாட்ஸ்-அப்பில் படம் அனுப்பினால், சாதாரணமாக அது சுருங்கித்தான் போகும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காமல் போகும். கல்யாணப் படத்தை உறவினருக்கு அனுப்பிவிட்டு, "அதுதான் அவரிடம் இருக்கிறதே" என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள். அவரிடம் இருப்பது சுருங்கிய படமாக இருக்கலாம்!

மூலப் படத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். தாத்தாவின் முகத்தைப் பேரன் பெரிதாக்கிப் பார்க்க ஆசைப்படும் நாளில், அது கை கொடுக்கும்.