அவையடக்கமும் உடைமைப் பட்டியலும்: ஹெட்போன் ஆர்வலரின் தன்னறிமுகம் பற்றிச் சில சிந்தனைகள்

1

ஒரு குழுவினுள் புதிதாக நுழையும் ஒருவர் தம்மைப் பற்றி முதன்முதலிற் கூறும் சொற்கள், அவரைப் பற்றி அறிவிப்பதிலும் பார்க்க அக்குழுவைப் பற்றியே அதிகம் அறிவிக்கின்றன. எதைச் சொன்னால் தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோம், எதைச் சொல்லாது விட்டாலும் குறையில்லை என்ற அவரது கணிப்பே அவ்வறிமுகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றது. எனவே தன்னறிமுகத்தைத் தனிமனித வெளிப்பாடாக மட்டுங் கொள்ளாது, சமூக உறவுகளின் பதிவாகவும் கொண்டு ஆராய்தல் வேண்டும். தமிழிலக்கிய மாணவருக்கு இது புதிய செய்தியன்று. பாயிரமும் அவையடக்கமும் புலவனின் பணிவை மாத்திரமன்றி, அவன் எதிர்கொண்ட அவையின் அதிகாரத்தையும் உணர்த்துவன என்பதை நாம் அறிவோம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது முற்றிலும் வேறானதொரு காலத்தையும் களத்தையும் சார்ந்த அவை. ஹெட்போன் மூலம் இசை கேட்பதையே ஒரு கலையாகவும் பொழுதுபோக்காகவும் கொண்ட ஆர்வலர் வட்டங்கள் 2000ஆம் ஆண்டினை அடுத்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விரிவடைந்தன. இவ்வட்டங்களிற் சேர்வோர் பெரும்பாலும் எழுத்தில் தம்மை அறிமுகஞ் செய்துகொள்கின்றனர். அவ்வறிமுகங்கள் தமக்கெனச் சில மரபுகளையும் கொண்டுள்ளன. அற்பமானதெனத் தோன்றும் இவ்விடயத்தில் நமது காலத்தின் முக்கிய முரண்பாடொன்று உறைந்து கிடக்கின்றது என்பதே நமது வாதம்.

2

இவ்வறிமுகங்களை ஒருசேர நோக்குமிடத்து நான்கு உறுப்புகள் தெளிவாகப் புலப்படும். முதலாவது அடக்கம். நெடுங்காலம் பிறர் உரையாடலைப் பேசாமற் கேட்டிருந்ததாகவும், தமக்கு அதிகம் தெரியாதெனவும் புதியவர் கூறுவார். இரண்டாவது உடைமைப் பட்டியல். தம்மிடமுள்ள ஹெட்போன்கள், விரியலாக்கி எனப்படும் அம்பிளிபயர், இசை பிறக்கும் கருவி ஆகியவற்றை வணிகப் பெயரோடும் மாதிரி எண்ணோடும் வரிசைப்படுத்துவார். மூன்றாவது தாம் விரும்பும் இசைவகை. இது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். நான்காவது விண்ணப்பம், அடுத்து எதை வாங்கலாம் என்பதே அது.

மூத்த உறுப்பினரின் மறுமொழியும் மரபு வழிப்பட்டது. வரவேற்புக் கூறியதும், புதியவரின் பணப்பைக்காக அனுதாபந் தெரிவிப்பது வழக்கம். இது வெறும் வேடிக்கையன்று. இனி நீர் செலவு செய்துகொண்டே இருப்பீர், அதற்கு முடிவில்லை, நாங்களும் அவ்வாறே ஆனோம் என்னும் ஒப்புதல் அந்நகைச்சுவையினுள் அடங்கியுள்ளது. வாங்கியதன் விலையை மனைவியிடமிருந்து மறைப்பது பற்றிய பகிடியும் அடிக்கடி கேட்கப்படும். ஆண்களே பெரும்பான்மையினராயுள்ள ஒரு வட்டத்தில், குடும்பத்தின் பொது வருவாய் எவர் விருப்பத்துக்காகச் செலவாகின்றது என்ற வினா இவ்வாறு சிரிப்பாக மாற்றப்பட்டு விடுகின்றது.

அவையடக்கம் பாடிய புலவன் தான் இயற்றிய நூலை அவைமுன் வைத்தான். இங்கோ புதியவர் தாம் வாங்கிய பொருட்களை முன்வைக்கிறார். ஆக்கத்தின் இடத்தை உடைமை பெற்றுக்கொள்கின்றது. இவ்விடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள ஹெட்போனின் வரலாற்றை நோக்குதல் அவசியம்.

3

ஹெட்போன் தோற்றத்தில் இன்பப் பொருளன்று. அது உழைப்புக் கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி இணைப்பகங்களிற் பணியாற்றிய பெண்களே அதன் முன்னோடி வடிவங்களை நாள் முழுதும் அணிந்தனர். 1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் போல்ட்வின் தாம் உருவாக்கிய ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்போருக்கான கருவியாகவே கடற்படை அதனைக் கொள்வனவு செய்தது.

இதற்கு இணையாக, வசதி படைத்தோரின் இன்பத்துக்கான மற்றொரு மரபும் இருந்தது. 1881இல் பாரிஸில் நடைபெற்ற மின்னியற் கண்காட்சியில் கிளமென்ட் அடேர் ஒபெரா இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே கேட்கச் செய்தார். 1890களின் நடுப்பகுதி தொடக்கம் 1925 வரை லண்டனில் எலெக்ட்ரோபோன் என்னும் சேவை, சந்தா செலுத்தியோர் தம் வீட்டிலிருந்தே நாடகங்களையும் இசையரங்குகளையும் செவிக்கருவி மூலம் கேட்க வழி செய்தது. ஒரே தொழில்நுட்பம் ஒரு வர்க்கத்தின் காதில் வேலையாகவும், இன்னொரு வர்க்கத்தின் காதில் ஓய்வாகவும் ஒலித்தமை கவனத்துக்குரியது.

இவ்விரு மரபுகளும் இணைந்து பெருஞ்சந்தைப் பண்டம் உருவாகியது இரண்டாம் உலகப் போரின் பின்னராகும். 1958இல் மில்வோக்கி நகரைச் சேர்ந்த ஜோன் கொஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகஞ் செய்தார். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 414, காதை முற்றாக மூடாத திறந்த அமைப்பினது. ஒரு கோடிக்கு மேல் விற்பனையானது. 1979 யூலை முதலாந் திகதி சோனி நிறுவனம் வோக்மனை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது, இசை வீட்டைவிட்டு வீதிக்கு வந்தது. ஆயினும் அது பொதுவெளிக்கு வரவில்லை. தனியொருவரின் காதுக்குள்ளேயே வீதியில் நடந்தது.

முதல் வோக்மனில் இரு ஹெட்போன்களைப் பொருத்தும் துளைகளும், கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கான ஒரு பொத்தானும் இருந்தன. பிறர் முன்னிலையில் ஒருவர் தனித்து இசை கேட்பது மரியாதைக் குறைவாகும் என்று சோனியின் அக்கியோ மொரிட்டா கருதியமையே இதற்குக் காரணம். பின்னர் வந்த மாதிரிகளில் அவ்வசதி கைவிடப்பட்டது. தனித்திருத்தலே பண்டத்தின் இயல்பான பயன்பாடாகச் சந்தையில் நிலைபெற்றுவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர் ஷூஹெய் ஹொசோகவா 1984இல் எழுதிய கட்டுரை முதலாக, இம்மாற்றம் பற்றிக் கல்வியுலகிலும் விவாதங்கள் எழுந்தன.

4

தனித்துக் கேட்பது மனப்போக்கு மட்டுமன்று. அதற்குப் பொருளியல் அடித்தளமும் உண்டு. புதியவர் தாம் ஏன் ஹெட்போனை நாடினார் எனக் கூறும் இடங்களை ஊன்றி நோக்கினால் இது புலனாகும். மெல்லிய சுவர்களைக் கொண்ட அடுக்குமாடி, அயலாரின் முறைப்பாடு, உறங்கும் குழந்தை, இரவுமுறை வேலை, மாணவர் விடுதி என்பனவே மீண்டும் மீண்டும் கூறப்படும் காரணங்கள். ஒலிபெருக்கிக்கு அறை வேண்டும். அறைக்கு வாடகை வேண்டும். பெருநகரங்களின் வீட்டுவசதி நெருக்கடியே இவர்களிற் பலரைக் காதுக்குள் ஒரு அரங்கத்தை அமைத்துக்கொள்ளத் தூண்டியது. இப்பொழுதுபோக்கை வெறும் செல்வச் செருக்கென ஒதுக்குவோர் இதனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

ஆயினும் உண்மையான தேவை சந்தையின் கையில் முடிவற்ற தேவையாக உருமாறுகின்றது. உதாரணமாக, 1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600இன் மின் தடங்கல் 300 ஓம். சிறிய கையடக்கக் கருவிகள் பலவற்றால் அதனைப் போதிய உரப்புடன் ஒலிக்கச் செய்ய இயலாது. எனவே அம்பிளிபயர் ஒன்று வேண்டும் என்பது பௌதிகவியல் உண்மை. ஆனால் அவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு, மேலும் விலைகூடிய அம்பிளிபயர், விலைகூடிய வடம், விலைகூடிய இன்னொரு ஹெட்போன் என ஏணி நீண்டுகொண்டே செல்கின்றது. முதற்படி பயன்பெறுமதியில் நிற்கின்றது. மேற்படிகள் மாற்றுப்பெறுமதியின் மயக்கத்தில் நிற்கின்றன.

இம்மயக்கத்தை விஞ்ஞானமே அம்பலப்படுத்தியுள்ளது. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்பார் 283 ஹெட்போன்களை அளந்து வெளியிட்ட ஆய்வு, அவற்றின் அதிர்வெண் துலங்கலுக்கும் சில்லறை விலைக்கும் இடையே தொடர்பெதுவும் இல்லை எனக் காட்டியது. ஷோன் ஒலிவ், டொட் வெல்ட்டி ஆகியோர் வணிகப் பெயரை மறைத்து நடத்திய கேட்டற் பரிசோதனைகளோ, பயிற்சி பெற்றவரும் பெறாதவருமாகிய கேட்போரிற் பெரும்பான்மையினர் ஏறத்தாழ ஒரேவகையான ஒலிச் சமநிலையையே விரும்புவதைப் புலப்படுத்தின. கச்சேரிக்குச் சென்றவர் இசையை அன்றித் தாம் நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தையே வழிபடுகின்றார் என்ற கருத்தை அடோர்னோ 1938இலேயே முன்வைத்தார். விலைப்பட்டியலைக் காதாற் கேட்கும் நிலை அவ்வழிபாட்டின் வளர்ந்த வடிவமாகும்.

5

உடைமைப் பட்டியலில் இடம்பெறாத ஒருவர் உள்ளார். அவர் தொழிலாளி. எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்பது தரத்தின் முத்திரையாகக் குறிப்பிடப்படும். எவராற் செய்யப்பட்டது என்பது குறிப்பிடப்படுவதில்லை. ஹெட்போனின் காந்தங்களிற் பயன்படும் நியோடிமியம் போன்ற அரிய மூலகங்களிற் பெரும்பகுதி சீனாவில் அகழ்ந்தெடுக்கப்படுகின்றது. உள் மங்கோலியாவின் பாயன் ஓபோ அதன் மிகப் பெரிய சுரங்கம். அங்குள்ள மண்ணும் நீரும் மனிதரும் ஒலியின் ‘தூய்மை’ பற்றிய வருணனைகளில் ஒருபோதும் தலைகாட்டுவதில்லை.

வியன்னாவின் கதை இதனினுந் தெளிவானது. 1947இல் அங்கு தோன்றிய ஏ.கே.ஜி. நிறுவனம் பின்னர் அமெரிக்காவின் ஹார்மனுக்குச் சொந்தமாயிற்று. 2017இல் ஹார்மனைச் சம்சுங் வாங்கியது. அதே ஆண்டிலேயே வியன்னாத் தளம் மூடப்பட்டது. அங்கு பணியாற்றிய சிலர் ஒன்றுசேர்ந்து ஒஸ்ட்ரியன் ஓடியோ என்னும் புதிய நிறுவனத்தை அமைத்தனர். ஏ.கே.ஜி. என்னும் பெயரோ வேறிடங்களிற் செய்யப்பட்ட பண்டங்களின் மீது தொடர்ந்தும் பொறிக்கப்பட்டது. பெயருக்கு விசுவாசமாயிருந்த ஆர்வலர் உண்மையில் எவருக்கு விசுவாசமாயிருந்தார்? கைகள் ஓரிடத்திலும் பெயர் வேறிடத்திலுமாகப் பிரிந்துபோன பின், விசுவாசம் பெயரையே பற்றிக்கொள்கின்றது. மார்க்ஸ் 1867இல் விளக்கிய பண்ட வழிபாட்டுக்கு இதனிலும் எளிய உதாரணம் தேவையில்லை.

6

இவ்வளவோடு நிறுத்தினால் நமது ஆய்வு ஒருதலைப்பட்சமானதாகிவிடும். இவ்வட்டங்களினுள்ளேயே எதிர்த்திசையில் இயங்கும் நடைமுறைகளும் உண்டு. விலையுயர்ந்த ஹெட்போனை ஒருவர் மற்றவருக்கு அஞ்சலில் அனுப்பி, அது கைமாறிக் கைமாறிப் பலரும் கேட்டபின் மீண்டும் உரியவரை வந்தடையும் வழக்கம் அவற்றுள் ஒன்று. முகமறியாதவர் மீது கொள்ளும் நம்பிக்கையே இதற்கு ஆதாரம். சூ மொய் என்பார் 1990களின் இறுதியில் வெளியிட்ட சிறு அம்பிளிபயர் வரைபடம் மற்றொன்று. மிட்டாய்த் தகரப்பெட்டியினுள் அடங்கக்கூடிய அதனைப் பல நாட்டு ஆர்வலர் தம் கையாலேயே ஒட்டிச் செய்தனர். 2011இல், தம் பெயரை வெளியிடாத பொறியியலாளர் ஒருவர் ஒப்ஜெக்டிவ் 2 என்னும் அம்பிளிபயரின் வடிவமைப்பை யாவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். பன்மடங்கு விலையுள்ளவற்றுக்கு அது அளவீடுகளில் ஈடுகொடுத்தமை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அறிவு பொதுவுடைமையாகுமிடத்து விலையின் மாயம் கலைகின்றது என்பதற்கு இது சான்று.

கேட்கும் உடல் பற்றிய அக்கறையும் மூத்தோர் அறிவுரைகளில் இடம்பெறுவதுண்டு. பாதுகாப்பற்ற முறையிற் கேட்பதால் 12 முதல் 35 வயது வரையான நூறு கோடிக்கும் அதிகமானோர் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்தது. ஒலியளவைக் குறைக்கும்படி புதியவருக்கு ஒரு மூத்தவர் கூறும்போது, அங்கு விற்பனையாளரின் குரலன்றித் தோழரின் குரலே கேட்கின்றது.

எனவே, புதியவரின் தன்னறிமுகத்தை எள்ளி நகையாடுவது முற்போக்கு விமர்சகரின் பணியன்று. அவர் ஒரே வேளையில் இரண்டைக் கேட்கிறார்: எதை வாங்கலாம் என்பது வெளிப்படையான வினா, என்னை உங்களுள் ஒருவராகக் கொள்வீர்களா என்பது உள்ளார்ந்த வினா. முதல் வினாவுக்குச் சந்தை எப்போதும் விடை வைத்திருக்கின்றது. இரண்டாவதற்குச் சந்தையிடம் விடையில்லை. ஆதலால் அதனை முதல் வினாவாக மாற்றித் தருகின்றது. பின்னர் நீக்கப்பட்ட இரண்டாவது துளையைத்தான் அவர் தேடுகிறார் எனலாம்.

அவ்வட்டங்கள் தம் மரபினைச் சிறிது மாற்றிக்கொள்வது அசாத்தியமன்று. என்னிடம் இவை உள்ளன என்று தொடங்குவதை விடுத்து, நேற்றிரவு இதனைக் கேட்டேன், முன்னர் கேளாத ஒரு குரலை அதிற் கேட்டேன் என்று ஒருவர் தொடங்குவாராயின், ஒற்றை வரியில் ஒடுங்கிக் கிடந்த மூன்றாவது உறுப்பு முதலிடத்துக்கு வரும். பாடியவரும் வாசித்தவரும் கருவியைச் செய்தவரும் நினைவில் எழுவதற்கு அது வழிவகுக்கும். வீட்டுவசதியும் ஓய்வு நேரமும் இசையும் சிலரது உடைமையாக உள்ளவரை அம்மாற்றம் முழுமை பெறாது என்பது உண்மையே. ஆயினும் ஒருவர் தம்மை எவ்வாறு அறிமுகஞ் செய்துகொள்கிறார் என்பதும், அவரை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பதும் நம் கையில் உள்ளவை. அவற்றிலிருந்து தொடங்கலாம்.