சாசனம் படிப்போர்

நம்முடைய புராதனமான கோயில்களில் வலம் வருகிறவர்கள், அதிஷ்டானத்திலும் கருவறைச் சுவரிலும் வரிவரியாகப் பொறித்திருக்கும் எழுத்துகளைக் கண்டு நின்று, அவை தமிழ்தான் என்று அறிந்து ஆவலோடு வாசிக்கத் தொடங்கி, ஓரெழுத்து விளங்கினால் அடுத்தது விளங்காமல் மனம் சலித்துப் பிரதட்சிணத்தைத் தொடர்வது வழக்கம். கற்றவர்களையும் இவ்வாறு திகைக்கவைக்கும் அவ்வெழுத்துகளைப் படிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட சாசன நிபுணர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் மிகப் பெரிது.

நம் திகைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சோழர் காலத்தில் கல்லில் எழுத்து வெட்டியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் பேதம் காட்டுவதில்லை; நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவமாக இருக்கும்; சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. ஆகவே ‘பரல’ என்று தோன்றும் மூன்று உருவங்களைப் பரல் என்றும் படிக்கலாம், பால் என்றும் படிக்கலாம். எது பொருந்தும் என்பதை முன்பின் உள்ள வாசகத்தைக் கொண்டே நிச்சயிக்க வேண்டும். வடசொற்களுக்குக் கிரந்த எழுத்தும், வேலி, மா, காணி முதலிய நில அளவைகளுக்குக் குறியீடுகளும் இடையிடையே வரும். பாண்டிய நாட்டுப் பழஞ்சாசனங்கள் பலவும் வட்டெழுத்தில் அமைந்தவை.

காலத்தை அறிவதும் எளிதன்று. பெரும்பாலும் அரசனுடைய ஆட்சியாண்டே சொல்லப்படும். சோழ மன்னர்களோ ராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். பட்டம் மட்டும் காணப்படும் இடத்தில் எழுத்தின் உருவம், குறிப்பிடப்படும் அதிகாரிகளின் பெயர்கள், நட்சத்திரம் திதி முதலிய குறிப்புகள் ஆகியவற்றையெல்லாம் ஒப்புநோக்கிய பின்னரே இன்ன மன்னன் என்று துணிவார்கள்.

இத்தனைக்கும் ஆதாரமாக இருப்பது மைப்படி. கல்லை நீர்விட்டுத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, ஈரம் சற்று வாங்கியதும் மையை ஒற்றுவார்கள். பள்ளங்களில் மை படாமையால், கரிய தாளில் எழுத்துகள் வெண்மையாகத் தோன்றும். கை சற்று அவசரப்பட்டாலும் தாள் கிழிந்துவிடும்.

இந்தப் பிரயாசையின் பலன் சாமானியமானதன்று. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் யார் என்பதில் நிலவிய குழப்பம், 1886இல் சென்னை அரசாங்கத்தின் சாசன நிபுணராக நியமனம் பெற்ற ஹுல்ஷ் அதன் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே அடியோடு நீங்கி, முதலாம் ராஜராஜனின் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இரண்டு, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. 919ஆம் ஆண்டுச் சாசனம் முப்பது முதல் அறுபது வயதுவரை உள்ளவர்களைத் தகுதியுடையோர் என்கிறது. 921ஆம் ஆண்டுச் சாசனம் அதை முப்பத்தைந்து முதல் எழுபது என்று திருத்துகிறது. தாம் வகுத்த விதியை இரண்டே ஆண்டுகளில் ஆராய்ந்து மாற்றிக்கொள்ளும் விவேகம் ஒரு கிராம சபைக்கு இருந்தது என்னும் அரிய செய்தி, அவ்விரு சாசனங்களையும் பிழையறப் படித்து ஒப்பிட்ட அறிஞர்களால் அல்லவா நமக்குக் கிடைத்தது!

அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய நன்றி வெறும் புகழ்ச்சியாக முடிந்துவிடலாகாது. திருப்பணி என்னும் நல்லெண்ணத்தோடு சுவரில் வண்ணம் பூசுவதாலும், மணலை வேகமாக வீசிக் கல்லைச் சுத்தம் செய்வதாலும் எழுத்துகள் மழுங்கி, எந்த நிபுணராலும் மீட்க முடியாதபடி மறைந்துபோகின்றன. நமக்கு விளங்காதது எவருக்குமே பயன்படாது என்று எண்ணுவதன் விளைவு இது. சாசனத்தைப் படிக்கும் ஆற்றல் சிலருக்கே வாய்க்கும். அந்தச் சிலர் படிப்பதற்குக் கல் சிதையாமல் இருக்கும்படி காப்பது ஊரார் எல்லோராலும் ஆகும்.