தீபாவளி விருந்து ஒரே அடுப்பின் பாரமா?



தீபாவளி முடிந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும்? அரை டின் முறுக்கும் கொஞ்சம் ஆட்டுக் குழம்பும் என்றால் மகிழ்ச்சி. அதோடு ஓர் அடகுச் சீட்டும் மிஞ்சியிருந்தால்?

எங்கள் வீட்டில் மிஞ்சியது. அப்போது எனக்குப் பதினொரு வயது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, அடுக்குமாடி வீடொன்றில் குடியேறியிருந்தோம். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், பிள்ளைகள் என்று முப்பது பேர் விருந்துக்கு வந்தார்கள். அம்மா சிரித்த முகத்தோடு பரிமாறினார். அவர் கையில் வளையல் இல்லை என்பதைப் பொங்கலன்றுதான் கவனித்தேன். அந்த வளையல் திரும்பி வரவே இல்லை.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம், "தோட்டத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். "நாங்க எங்கம்மா ஆடு வாங்கினோம்? கூறுதான் வாங்கினோம்" என்றார். லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆடு பிடிப்பார்கள். அறுத்துக் கூறு போட்டு, காசையும் பங்கிட்டுக் கொள்வார்கள். அதிரசத்துக்கு மாவு ஒரு வீட்டில் இடிபடும்; எண்ணெய்ச் சட்டி இன்னொரு வீட்டில் காயும். கடையில் 555 நோட்டில் பற்று இருந்தது உண்மைதான். ஆனால் விருந்து ஒரு வீட்டின் தலையில் விழவில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் கலைந்தது, உறவினர் கூட்டம் குறையவில்லை. பன்னிரண்டு அடுப்புகள் சுமந்ததை இன்று ஓர் அடுப்பு சுமக்கிறது.

முப்பது பேருக்கு நான் போட்ட கணக்கைப் பாருங்கள். ஆட்டிறைச்சி ஐந்து கிலோ 220 வெள்ளி, கோழி 75, அரிசி, பருப்பு, எண்ணெய் 70, வெங்காயம், காய்கறி, தேங்காய், மசாலை 95, பலகாரம் 110, பானமும் வாழையிலையும் 50. மொத்தம் 620 வெள்ளி. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே வேளையில் கரைகிறது. புதுத்துணி இன்னும் கணக்கில் வரவில்லை!

விலை ஏன் ஏறுகிறது? நாம் உண்ணும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. வெங்காயமும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. டிசம்பரில் ஏற்றுமதியையே நிறுத்தியது. 2024 மே மாதத்தில்தான் தடையை நீக்கியது. கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1ஆம் தேதி முடிந்தன. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அப்போது பதினொரு நாளே இருந்தது.

இதற்காகவே விழாக்கால உச்சவரம்பு விலைத் திட்டம் இருக்கிறது. தீபாவளியையொட்டிச் சில நாள்களுக்கு, குறிப்பிட்ட பொருள்களை அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. அவற்றுக்கு இளஞ்சிவப்பு விலை அட்டை வைக்க வேண்டும். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போனாலும் சரி, பேரங்காடிக்குப் போனாலும் சரி, முதலில் அந்த அட்டையைத் தேடுங்கள். விலை மீறினால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம்.

அடுத்து, கடன். அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வட்டி என்றால் சிறிதாகத் தெரியும். ஆயிரம் வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி வட்டி. மீட்காவிட்டால் நகையே போய்விடும். உரிமம் பெற்று வட்டித் தொழில் செய்பவர், ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. அதற்கு மேல் கேட்பவரிடம் கை நீட்டாதீர்கள்.

"கூட்டு போடலாமே?" என்பீர்கள். கவனம்! கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நம் தமிழ்ச் சொல்லான 'கூட்டு' அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. மாதம் 50 வெள்ளியை உங்கள் சொந்தக் கணக்கில் போட்டு வாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் 600 வெள்ளி. விருந்து ஏறக்குறைய முடிந்தது.

சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதா? சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் சிறு தொகைகளாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. ஒரு விருந்துக்கு அது போதாதா?

கூறு போடும் வழக்கத்தையும் திரும்பக் கொண்டு வருவோம். அண்ணன் வீட்டில் ஆட்டுக் குழம்பு, தங்கை வீட்டில் கோழிப் பிரட்டல், சித்தி வீட்டில் பலகாரம். எல்லாம் ஒரே இலையில் வந்து சேரட்டும். "வெறுங்கையோடு வாங்க" என்று சொல்வது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்காக எங்கள் அம்மா கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

இந்தத் தீபாவளிக்கு யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், புறப்படும் முன் ஒரு போன் செய்யுங்கள். "அக்கா, நான் என்ன சமைத்துக் கொண்டு வரட்டும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு தாயின் வளையலைக் காப்பாற்றும்.