பிலிமா, டிஜிட்டலா?

கண்காட்சிச் சுவரில் மாட்ட 18 x 12 அங்குலப் பிரிண்டு வேணும். கணக்குப் போடுவோம்.

35 மி.மீ. பிலிமின் ஒரு பிரேம் 36 x 24 மி.மீ. தான். அதை 12.7 மடங்கு என்லார்ஜ் பண்ணணும். படத்தோடு கிரெயினும் பெருத்துவிடும். டிஜிட்டலில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 5400 x 3600, அதாவது 19.4 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா தாராளம். ஆகவே இந்த அளவுக்கு என் ஓட்டு டிஜிட்டலுக்கே. 6 x 7 செ.மீ. பிலிம் என்றால் கதையே வேற: ஆறரை மடங்கு பெரிதாக்கினாலே போதும், கிரெயின் அடங்கிக் கிடக்கும்.

பழைய பிலிம் கேமரா மலிவாக் கிடைக்குதேன்னு ஓடாதீங்க. ரோல், கழுவுகிற செலவு, ஸ்கேன் எல்லாம் தனி. அந்தக் காசுக்கு முதலில் ஒரு டிரைபாட் வாங்குங்க. கை ஆடினா இரண்டுமே மங்கல்தான்.